உண்ட உணவு எங்கே தங்குகிறது? இரைப்பை திட உணவைப் பகிர்ந்து வெளியேற்றும் முறை

உண்ட உணவு இரைப்பையில் எவ்வளவு நேரம் தங்குகிறது? அங்கே அதற்கு என்ன நிகழ்கிறது? பாடநூல்களுக்கு மட்டும் உரிய வினாக்களாக இவை தோன்றலாம். ஆயினும், சத்திரசிகிச்சைக்கு முன்னர் பால் கலந்த தேநீரைக்கூடத் தவிர்க்கும்படி வைத்தியசாலை ஏன் வலியுறுத்துகிறது, இன்சுலின் ஏற்றியபின் வயிறு நிறைய உண்டவருக்கும் சர்க்கரை ஏன் சில வேளைகளில் தாழ்ந்துவிடுகிறது, இரவில் தாமதமாக உண்டு படுப்பவருக்கு நெஞ்செரிவு ஏன் உண்டாகிறது என்பவற்றுக்கெல்லாம் விடை இவ்வினாக்களிலேயே அடங்கியுள்ளது. இக்கட்டுரையின் முற்பகுதி இரைப்பையின் தொழிற்பாட்டையும், பிற்பகுதி அவ்வறிவை அன்றாட வாழ்வில் பயன்படுத்தும் முறையையும் விளக்குகிறது.

இரைப்பையின் அமைப்பு

இரைப்பை வயிற்றின் இடது மேற்புறத்தில், விலா எலும்புகளுக்குக் கீழே, கொக்கி போல வளைந்து அமைந்துள்ள தசைப்பை ஆகும். வெறுமையாக இருக்கும்போது அதன் கொள்ளளவு 100 மில்லிலீற்றருக்கும் குறைவு. முழு உணவொன்றை உண்டபின் அது ஒரு லீற்றருக்கு மேலும் விரிந்துகொடுக்கும். அதன் சுவரில் நெடுக்காகவும் வட்டமாகவும் சரிவாகவும் ஓடும் மூன்று தசைப்படைகள் உள்ளன.

தொழிலின் அடிப்படையில் இரைப்பையை மூன்று பகுதிகளாகப் பிரித்து நோக்கலாம். மேற்பகுதி உணவைச் சேமித்து வைக்கிறது. கீழ்ப்பகுதி உணவை அரைக்கிறது. இறுதியில், சிறுகுடலுக்குச் செல்லும் வழியில் உள்ள குடல்வாய்ச் சுருக்குத்தசை, எது வெளியேறலாம், எது மீண்டும் உள்ளே செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வாயிலாகப் பணிபுரிகிறது.

மேற்பகுதி: களஞ்சியம்

ஒரு கவளத்தை விழுங்கும்போதே, அது வந்து சேருமுன், இரைப்பையின் மேற்பகுதித் தசை தளர்ந்து இடமளிக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பின் வழியே இக்கட்டளை வருகிறது. இத்தளர்வினாலேயே, உணவு நிறைந்துகொண்டு சென்றாலும் இரைப்பையினுள் அழுத்தம் பெரிதும் உயர்வதில்லை. நாமும் வயிறு இறுகும் உணர்வின்றித் தொடர்ந்து உண்ண முடிகிறது.

திட உணவின் பெரும்பகுதி முதலில் இம்மேற்பகுதியிலேயே தங்குகிறது. இங்கே வலிமையான அரைக்கும் அசைவுகள் இல்லை. ஆகவே சோறு ஒரு திரளாக நிற்க, அதன் வெளிப்புறத்தை மட்டும் அமிலம் முதலில் நனைக்கிறது. திரளின் உட்புறத்தை அமிலம் சென்றடையும்வரை, வாயில் கலந்த உமிழ்நீரின் நொதியம் அங்கே மாப்பொருளைத் தொடர்ந்து சிதைத்துக்கொண்டிருக்கும். பின்னர் மேற்பகுதியின் சுவர் மெதுவாக இறுகி, உணவைச் சிறிது சிறிதாகக் கீழே தள்ளுகிறது.

சிலருக்கு மேற்பகுதி உரிய அளவு தளர்வதில்லை. அவர்கள் நாலைந்து கவளம் உண்டவுடனேயே வயிறு நிறைந்துவிட்டதாக உணர்வார்கள். வேகஸ் நரம்பு பாதிக்கப்பட்டோருக்கும், சமிபாட்டுக் கோளாறு உள்ள சிலருக்கும் இந்நிலை ஏற்படுவதுண்டு.

கீழ்ப்பகுதி: ஆட்டுக்கல்

இரைப்பையின் உடற்பகுதியில், பெரிய வளைவை ஒட்டி, தசை அசைவின் தாளத்தை வகுக்கும் உயிரணுக்கள் உள்ளன. ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹாலின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. அங்கிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை, அதாவது 20 செக்கன்களுக்கு ஒரு முறை, ஓர் அலை புறப்பட்டு வாயிலை நோக்கிச் செல்கிறது. கீழே செல்லச் செல்ல அவ்வலை வலுப்பெறுகிறது.

அலை வாயிலை நெருங்கும்போது நிகழ்வது கவனிக்கத்தக்கது. குடல்வாய்த் தசை சுருங்கி, ஒடுங்கிய இடைவெளியை மட்டுமே விடுகிறது. நீர்மமும் அதில் கலந்த மிக நுண்ணிய துணிக்கைகளும் அதனூடாகச் சென்றுவிடுகின்றன. பெரிய துண்டுகள் செல்லவியலாமல், இறுகிய தசைகளுக்கிடையே நசுங்கி, பின்னோக்கி எறியப்படுகின்றன. அடுத்த அலை அவற்றை மீண்டும் முன்னே தள்ளுகிறது. ஆட்டுக்கல்லின் குழியிலிருந்து மேலேறும் மாவைக் கை மீண்டும் மீண்டும் குழவியின் கீழே தள்ளிவிடுவதை இதற்கு ஒப்பிடலாம். திட உணவு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்த துணிக்கைகளாகும்வரை இவ்வரைப்பு நீடிக்கிறது. இவ்வாறு உருவாகும் கூழ் இரைப்பைப்பாகு எனப்படும்.

பற்கள் செய்யாமல் விட்ட வேலையை இரைப்பை செய்தாகவேண்டும். நன்கு மென்று விழுங்கிய இறைச்சிக்கும் அவசரமாக விழுங்கிய இறைச்சிக்கும் உள்ள வேறுபாடு, அவை இரைப்பையில் தங்கும் நேரத்தில் தெரியவரும்.

நேரக் கணக்கு

பகல் ஒரு மணிக்கு ஒருவர் அளவான திட உணவொன்றை உண்கிறார் என்று கொள்வோம். முதல் 20 முதல் 30 நிமிடங்கள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், திடப்பொருள் எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் வெளியேறுவதில்லை. உணவு மேற்பகுதியிலிருந்து கீழ்ப்பகுதிக்கு நகர்ந்து அரைபடுவதற்கான ஆயத்தக் காலம் இது. அதன்பின் ஏறத்தாழச் சீரான வேகத்தில் பாகு சிறுகுடலுக்குச் செல்கிறது. மூன்று மணியளவில் ஏறத்தாழப் பாதி வெளியேறியிருக்கும். ஐந்து மணியளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும். பொரியலும் நெய்யும் இறைச்சியும் மிகுந்த விருந்துணவாயின் இதைவிட நெடுநேரம் ஆகும்.

நீர்மத்தின் நடத்தை வேறானது. அதற்கு அரைபடும் தேவை இல்லை. இரைப்பை முழுவதும் விரைவில் பரவி, காலதாமதமின்றி வெளியேறத் தொடங்குகிறது. வெறுவயிற்றில் அருந்திய வெற்று நீரில் பாதி, 10 முதல் 20 நிமிடங்களுக்குள் இரைப்பையைக் கடந்துவிடும். சத்துச் செறிந்த நீர்மங்கள், குறிப்பாகப் பால், அவ்வளவு விரைவாகச் செல்வதில்லை. பால் இரைப்பையின் அமிலத்தில் திரைந்து திடப்பொருள்போல நடந்துகொள்ளும்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது யார்?

இரைப்பையின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது சிறுகுடலே. கொழுப்போ அமிலமோ செறிவான சர்க்கரையோ முன்சிறுகுடலைச் சென்றடைந்ததும், அதன் சுவர் அதை உணர்ந்து நரம்புகள் வழியாகவும் ஓமோன்கள் வழியாகவும் இரைப்பைக்கு அறிவிக்கிறது. கொழுப்பினால் சுரக்கும் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஓமோன் இரைப்பையின் மேற்பகுதியைத் தளர்த்தி, வாயிலை இறுக்குகிறது. குடலின் கீழ்ப்பகுதியைக் கொழுப்பு எட்டினால் மேலும் ஒரு தடை விதிக்கப்படுகிறது.

இதன் விளைவாக, சிறுகுடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 13 கிலோயூல் வரை, அதாவது 2 முதல் 3 கிலோகலோரி வரையான சத்தே சென்று சேர்கிறது. 2500 கிலோயூல் கொண்ட உணவுத்தட்டு ஒன்று வெளியேற மூன்றரை முதல் ஐந்து மணி நேரம் வரை ஆகலாம் என்று இதிலிருந்து கணக்கிடலாம். கடையில் வாங்கும் உணவுப் பொதிகளில் கிலோயூல் அளவு அச்சிடப்பட்டிருப்பதால், இக்கணக்கை வாசகர்கள் தாமே செய்து பார்க்கலாம்.

அரைக்கமுடியாத நார்களும் விதைகளும் இறுதிவரை எஞ்சி நிற்கின்றன. உணவு வெளியேறி வயிறு வெறுமையானபின், 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒரு முறை வலிமையான அலைத்தொடர் ஒன்று எழுந்து, திறந்த வாயில் வழியே அவற்றைத் துப்புரவாக வெளியேற்றுகிறது. பசியின்போது வயிற்றில் கேட்கும் இரைச்சலுக்கு இத்துப்புரவுப் பணியும் ஒரு காரணம். இடையிடையே கொறித்துக்கொண்டே இருந்தால் இப்பணி தொடங்குவதில்லை.

இவ்வறிவு பெறப்பட்ட வரலாறு

1822 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆம் திகதி, வட அமெரிக்காவின் மக்கினோ தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடியத் தொழிலாளியின் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கிச் சூடு பட்டது. அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் இரைப்பைக்குச் செல்லும் துவாரம் ஒன்று நிலையாகவே இருந்துவிட்டது. அவருக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட், பட்டுநூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அத்துவாரத்தின் வழியே இறக்கி, அவை கரையும் நேரத்தைக் குறித்துவந்தார். அவரது நூல் 1833 இல் வெளிவந்தது. 1898 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் வோல்ட்டர் கனன், எக்ஸ் கதிர் படத்தில் புலப்படும் பொருளை உணவுடன் கலந்து பூனைகளுக்குக் கொடுத்து, இரைப்பையின் மேற்பகுதி சேமிப்பதையும் கீழ்ப்பகுதி அலை அலையாக அசைவதையும் கண்டு எழுதினார். 1966 இல், மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, அதன் நகர்வை வெளியிலிருந்தே அளக்கும் முறை பிரித்தானியாவில் வெளியிடப்பட்டது.

அவுஸ்திரேலியாவுக்கும் இத்துறையில் சிறப்பான இடம் உண்டு. றோயல் அடிலெய்ட் வைத்தியசாலையில் மைக்கேல் ஹொரோவிட்ஸ் முதலிய ஆய்வாளர்கள், நீரிழிவுக்கும் இரைப்பையின் வேகத்துக்கும் இடையிலான தொடர்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். அடுத்துக் கூறப்படும் செய்திகளிற் சில அவ்வாய்வுகளின் பயனாக விளைந்தவை.

நீரிழிவு உள்ளோர் அறியவேண்டியவை

தெற்காசிய வழிவந்தோரிடையே இரண்டாம் வகை நீரிழிவு பரவலாகவும் இளவயதிலும் காணப்படுவதால், இப்பகுதி நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்தும். நெடுங்கால நீரிழிவு வேகஸ் நரம்பையும் தாளம் வகுக்கும் உயிரணுக்களையும் பாதிக்கக்கூடும். அப்போது உணவு இரைப்பையை விட்டு வெளியேறுவது தாமதமாகும். நெடுங்காலம் நீரிழிவுடன் வாழ்வோரிற் கணிசமானோரிடம் இத்தாமதம் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. பலருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இருப்பதில்லை.

உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்திற் சேர்வது, அது சிறுகுடலை அடைந்தபின்னரே. உணவுக்கு முன் ஏற்றிய இன்சுலின் உரிய நேரத்தில் வேலைசெய்யத் தொடங்கும். உணவோ இன்னும் இரைப்பையிலேயே நிற்கும். ஆகவே உண்ட சிறிது நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து, சில மணி நேரத்தின் பின் உயரலாம். இத்தகைய ஏற்ற இறக்கம் அடிக்கடி நேருமாயின், நேரங்களைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டவேண்டும். மருந்தின் அளவைத் தாமாக மாற்றக்கூடாது.

சர்க்கரையின் அளவும் இரைப்பையைப் பாதிக்கிறது. இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருக்கும்போது இரைப்பை மெதுவாகவும், தாழ்ந்திருக்கும்போது விரைவாகவும் இயங்கும்.

சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால், உடனே வெளியேறக்கூடிய இனிப்பு தேவை. சர்க்கரை சேர்ந்த சாதாரண மென்பானம் அரை ரின், அல்லது பழச்சாறு அரைக் குவளை, அல்லது மூன்று தேக்கரண்டி சீனி போதுமானது. சொக்கலேற்று, பிஸ்கற், லட்டு போன்றவற்றிலுள்ள கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்துவதால் அவை இவ்வேளைக்குப் பொருந்தா. 15 நிமிடங்களின் பின் மீண்டும் அளந்து, சர்க்கரை இன்னும் 4 இற்குக் கீழே இருந்தால் இனிப்பை மறுபடி கொடுக்கவேண்டும். சீரானபின் அடுத்த வேளை உணவுக்கு நேரம் இருப்பின், ஒரு துண்டு பாண் போன்ற திட உணவை உண்ணலாம். மயங்கியவருக்கு வாயால் எதையும் கொடுக்காமல் 000 ஐ அழைக்கவேண்டும்.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோர், சோற்றுக்கு முன் மீன், முட்டை, பருப்பு, மரக்கறி ஆகியவற்றை முதலில் உண்டால், உணவுக்குப் பின் சர்க்கரை உயர்வது மட்டுப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முதலிற் செல்லும் புரதம் இரைப்பையை மெதுவாக்குவது இதற்கு ஒரு காரணம்.

சத்திரசிகிச்சைக்கு முன் உண்ணாதிருத்தல்

மயக்க மருந்து கொடுக்கும்போது, இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் செல்வதைத் தடுக்கும் இயல்பான காவல் செயலிழந்துவிடும். உணவும் அமிலமும் நுரையீரலை அடைந்தால் உயிராபத்து நேரலாம். இதனாலேயே வளர்ந்தோர் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்னும், தெளிந்த நீர்மத்தை 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்தும் நடைமுறை பொதுவாகக் கைக்கொள்ளப்படுகிறது. மேலே கூறிய நேரக் கணக்கை நினைவிற் கொண்டால் இவ்வெல்லைகளின் காரணம் விளங்கும்.

நம்மவர் அடிக்கடி கேட்கும் ஐயம் தேநீர் பற்றியது. பால் சேர்த்த தேநீரும் கோப்பியும் தெளிந்த நீர்மம் ஆகா. கஞ்சியும் மோரும் அவ்வாறே. இவை திட உணவுக்குரிய 6 மணி நேர விதிக்கு உட்பட்டவை. வைத்தியசாலை உங்களுக்கென வேறு நேரம் குறித்திருந்தால் அதனையே பின்பற்றவேண்டும். பிள்ளைகளுக்கான நேரங்கள் வேறாதலால் தனியே கேட்டறிக. தவறுதலாக எதையேனும் உண்டுவிட்டால், சிகிச்சை தள்ளிப்போகும் என்று அஞ்சி மறைத்தலாகாது. திகதியை மாற்றலாம்; நுரையீரலுக்கு நேர்ந்த கேட்டை மாற்றுதல் அரிது.

நீரிழிவுக்கும் உடல் எடையைக் குறைப்பதற்கும் ஏற்றப்படும் செமாகுளூட்டைட் (ஓசெம்பிக்), டிர்செப்படைட் (மவுஞ்சாரோ) போன்ற ஊசிமருந்துகள் இரைப்பையை மெதுவாக்குபவை. இவற்றை எடுப்போருக்கு ஆறு மணி நேரம் போதாமற் போகலாம். ஆகவே சத்திரசிகிச்சைக்கோ உள்நோக்கிப் பரிசோதனைக்கோ நாள் குறிக்கப்பட்டவுடனேயே மருத்துவரிடம் இதனைத் தெரிவிக்கவேண்டும். அவர்கள் முதல் நாள் முழுவதும் நீருணவு மட்டும் கொள்ளுமாறு பணிக்கலாம்.

இரைப்பையின் வேகத்தை அளக்கும் சோதனை

சிறிதளவு உண்டதும் வயிறு நிறைதல், பல மணி நேரத்துக்கு முன் உண்ட உணவு அரைபடாமலே வாந்தியாதல், வயிற்றுப்பொருமல், குமட்டல் ஆகியன தொடர்ந்தால், முதலில் உள்நோக்கி மூலம் புண்ணோ அடைப்போ உள்ளதா என்று பார்ப்பார்கள். இல்லையெனின், கதிரியக்கக் குறியிட்ட உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம்வரை இடையிடையே படம் எடுப்பார்கள். நான்காவது மணியில் 10 சதவீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தால் இரைப்பை தாமதமாக இயங்குகிறது என்பது முடிவு.

இச்சோதனையில் வழமையாகக் கொடுக்கப்படுவது முட்டை வெண்கருவும் பாணும் பழப்பாகும் ஆகும். சைவ உணவு உண்போர் முன்பதிவு செய்யும்போதே இதனைக் கூறி மாற்று உணவு உண்டா என்று கேட்பது நன்று. சோதனைக்கு முன் நிறுத்தவேண்டிய மருந்துகளையும் கேட்டறிக. கோடீன், மோர்பின் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையைத் தாமதப்படுத்துபவை. அன்றைய தினம் சர்க்கரை மிக உயர்ந்திருந்தாலும் முடிவு பிழைக்கும்.

உணவுப் பழக்கத்தில் செய்யக்கூடியவை

இரைப்பை மெதுவாக இயங்குவோர் மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஐந்தாறு சிறு வேளைகளாக உண்ணலாம். குழைந்த சோறு, இட்லி, இடியப்பம், நன்கு மசித்த பருப்பு, வேகவைத்து மசித்த மரக்கறி ஆகியன எளிதில் அரைபடும். முருங்கைக்காயின் சக்கை, கீரைத்தண்டு, பனங்கிழங்கின் நார், பச்சை மரக்கறி, தோடம்பழச் சுளையின் தோல் ஆகியன அரைபடாமல் தேங்கி, நாளடைவில் கட்டியாகத் திரளக்கூடும். பொரித்தவற்றையும் தேங்காய்ப்பால் மிகுந்த கறிகளையும் குறைப்பது நன்று. திட உணவு ஒத்துக்கொள்ளாத நாளில் கஞ்சியாகவோ சூப்பாகவோ உட்கொண்டால் சத்து இழப்பு ஏற்படாது. நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளோர் உணவியலாளரின் ஆலோசனையுடன் இவற்றைச் செய்யவேண்டும்.

ஏனையோருக்கும் சில பயன்கள் உண்டு. இரவு ஒன்பதரைக்கு முழு உணவு உண்டு பத்து மணிக்குப் படுப்பவரின் இரைப்பையில் ஏறத்தாழ உணவு முழுவதும் அப்படியே இருக்கும். படுத்த நிலையில் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது எளிது. உறக்கத்துக்கு 2 முதல் 3 மணி நேரம் முன் உண்பதும், இரவு உணவைச் சிறிதாக்குவதும் நெஞ்செரிவைக் குறைக்கும். பற்கள் இழந்த முதியோருக்கு இறைச்சியையும் காய்களையும் சிறிதாக நறுக்கிக் கொடுப்பதும், செயற்கைப் பற்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் அவர்தம் இரைப்பைக்குச் செய்யும் உதவியாகும்.

தாமதியாமல் மருத்துவரை நாடவேண்டிய அறிகுறிகள்

காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதற்குச் சிரமம், தொடர்ச்சியான வாந்தி, நீர்கூட வயிற்றில் தங்காமை ஆகியவற்றை வாயுக்கோளாறு என்று எண்ணிக் கைவைத்தியத்துடன் நாட்களைக் கடத்தக்கூடாது. இரத்த வாந்தி, கோப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போலக் கறுத்த மலம், தாங்கமுடியாத வயிற்றுவலி ஆகியவற்றுக்கு உடனே 000 ஐ அழைக்கவும்.

அவசரமல்லாத ஐயங்களுக்கு, எந்நேரமும் தாதியருடன் உரையாடக்கூடிய ஹெல்த்டிரெக்ட் சேவையை 1800 022 222 என்ற எண்ணிலும், நீரிழிவு பற்றித் தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டத்தை 1800 637 700 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஆங்கிலத்தில் உரையாட இயலாதோர் முதலில் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவும். மருத்துவரைக் காணச் செல்லும்போது, எப்போது உண்டீர்கள், என்ன உண்டீர்கள், எத்தனை மணி நேரத்தின் பின் தொல்லை தோன்றியது என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். இரைப்பையின் நோயை அறிவதில் நேரம் முதன்மையான சான்று ஆகும். அதனைத் தரவல்லவர் நோயாளி ஒருவரே.